இரண்டு துண்டுச் சீட்டும் ஓர் அடுப்படியும்: ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளையும் அசமன்பாடுகளையும் தீர்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இரண்டு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள் ஒன்பதாம் வகுப்பிலும், மூன்று மாறிகளில் அமைந்தவை பத்தாம் வகுப்பிலும், நேரியல் அசமன்பாடுகள் பதினொன்றாம் வகுப்பிலும் வருகின்றன. மூன்று வகுப்புப் பிள்ளைகளிடமும் நான் காணும் குறை ஒன்றேதான். கூட்டலும் கழித்தலும் அவர்களுக்கு நன்றாகவே வருகின்றன. ஆனால் தாளில் எழுதிய ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. ஆகவே, எழுதும் ஒவ்வொரு வரியையும் பழக்கடைக்காரருக்கும் விளங்கும்படி ஒரு தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதை என் வகுப்பில் விதியாகவே வைத்திருக்கிறேன். கீழே வரும் கணக்குகளையும் அந்த விதிப்படியே செய்து காட்டுகிறேன். விலைகளும் அளவுகளும் கணக்கு நேராக வருவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை விலையோடு ஒப்பிட வேண்டாம்.

எழுத்து எதைக் குறிக்கிறது

பக்கத்து வீட்டுக்காரர் இருவர் ஒரே நாளில் ஒரே கடையில் பழம் வாங்கி வந்தனர். முதலாமவர் 2 கிலோ மட்டிப்பழமும் 3 கிலோ ஏத்தன்பழமும் வாங்கி 340 ரூபாய் கொடுத்தார். இரண்டாமவர் 4 கிலோ மட்டியும் 1 கிலோ ஏத்தனும் வாங்கி 380 ரூபாய் கொடுத்தார். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கிறது. ஒரு கிலோ மட்டி என்ன விலை, ஒரு கிலோ ஏத்தன் என்ன விலை என்பது கேள்வி. (வெளியூர் வாசகர்களுக்காக: மட்டி எங்கள் மாவட்டத்துச் சிறு வாழைப்பழம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஏத்தன் என்று நாங்கள் சொல்வதைத்தான் மற்ற ஊர்களில் நேந்திரன் என்கிறார்கள்.)

வகுப்பில் எக்ஸ் என்றும் ஒய் என்றும் எழுதுவது வழக்கம். இங்கே பொருளின் முதலெழுத்தையே மாறியாக வைத்துக்கொள்வோம். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. ‘ம என்றால் மட்டி’ என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ம என்பது மட்டி அன்று. ஒரு கிலோ மட்டியின் விலையை ரூபாயில் சொல்லும் எண். இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஒரு குலைக்கு எட்டுச் சீப்பு என்று வைத்துக்கொண்டு, சீப்புகளின் எண்ணிக்கையைச் ‘சீ’ என்றும் குலைகளின் எண்ணிக்கையைக் ‘கு’ என்றும் குறித்து ஒரு சமன்பாடு எழுதச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் பலர் 8சீ = கு என்று எழுதுவார்கள். ‘எட்டுச் சீப்பு ஒரு குலை’ என்று மனம் பொருளாகப் படிப்பதால் வரும் பிழை அது. எண்ணாகப் படித்தால், குலைகளின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கினால்தான் சீப்புகளின் எண்ணிக்கை வரும்; எனவே சீ = 8கு. பள்ளியில் படித்த காலத்தில் நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். அப்போது ஓர் ஆசிரியர் தவறு என்று சிவப்பு மையில் கோடிட்டாரே தவிர, ஏன் தவறு என்று சொல்லவில்லை; அந்தக் காரணம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே முதல் வேலை, மாறி எந்த எண்ணைக் குறிக்கிறது, எந்த அலகில் குறிக்கிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதுவது. அதன் பிறகே சமன்பாடு:

2ம + 3ஏ = 340
4ம + ஏ = 380

இரண்டு தெரியாத எண்கள், இரண்டு தகவல்கள். இரண்டு சமன்பாடுகளையும் ஒருசேர நிறைவு செய்யும் ம, ஏ ஆகிய எண்களின் இணையே தீர்வு. ஒன்றை மட்டும் நிறைவு செய்யும் இணைகள் எண்ணற்றவை இருக்கும், அவை தீர்வாகா.

நீக்கல் முறை

இந்த முறையைப் பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒரு வியாபாரியும் செய்துவிடுவார். முதலாமவர் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு வாங்கியிருந்தால் 4 கிலோ மட்டியும் 6 கிலோ ஏத்தனும் 680 ரூபாய் ஆகியிருக்கும். இரண்டாமவர் அதே 4 கிலோ மட்டியோடு 1 கிலோ ஏத்தன் மட்டும் வாங்கி 380 கொடுத்தார். இருவருக்கும் மட்டி சமம் என்பதால், தொகையில் உள்ள 300 ரூபாய் வேறுபாடு முழுவதும் 5 கிலோ ஏத்தனுக்கு உரியது. எனவே ஏத்தன் கிலோ 60 ரூபாய். இதையே தாளில் எழுதினால்:

4ம + 6ஏ = 680
4ம + ஏ = 380
கழிக்க, 5ஏ = 300; ஏ = 60

இனி இரண்டாம் சீட்டில் ஏத்தனுக்கு 60-ஐ வைத்தால் 4ம = 320, அதாவது ம = 80. மட்டி கிலோ 80 ரூபாய்.

எந்த மாறியை நீக்குவது என்பது நம் விருப்பம். கெழுக்களை, அதாவது மாறிகளுக்கு முன்னால் நிற்கும் எண்களைப் பார்த்து, குறைவாகப் பெருக்க வேண்டியதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இங்கே மட்டியை நீக்க முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கினோம்; ஏத்தனை நீக்க நினைத்தால் இரண்டாவதை 3-ஆல் பெருக்கியிருக்கலாம். பெருக்கும்போது வலப்பக்கத்துத் தொகையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும் என்பதை மறப்பவர்கள் உண்டு. வரியை வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பிழை தானே அகப்படும்: இரண்டு மடங்கு பழத்தை அதே 340 ரூபாய்க்கு யாரும் கொடுக்கமாட்டார்கள்.

கழிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கீழ்வரியில் எதிர்க்குறி உள்ள உறுப்பு இருந்தால், அதைக் கழிக்கும்போது கூட்டலாகும் என்பதைப் பிள்ளைகள் பாதி உறுப்புகளுக்கு மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கழிப்பதற்குப் பதிலாக, கீழ்ச்சமன்பாடு முழுவதையும் −1-ஆல் பெருக்கி மறுபடி எழுதிவிட்டுக் கூட்டுங்கள் என்று சொல்வேன். ஒரு வரி கூடுதலாகும். ஆனால் மதிப்பெண் போகாது.

இந்த முறைக்கு ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் (1777–1855) என்பவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவருக்கு முன்பே, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், சீனர்கள் எண்ணும் குச்சிகளை வரிசையாக அடுக்கி இதே கழித்தலைச் செய்திருக்கிறார்கள்.

பிரதியிடலும், சரியான இடத்தில் சரிபார்த்தலும்

ஒரு மாறியின் கெழு 1 ஆக இருந்தால் பிரதியிடல் முறை வசதியானது. இரண்டாம் சமன்பாட்டில் ஏத்தனின் கெழு 1 என்பதால், ஏ = 380 − 4ம என்று எழுதலாம். இதன் பொருள்: 380 ரூபாயில் 4 கிலோ மட்டியின் விலை போக மிஞ்சுவது ஒரு கிலோ ஏத்தனின் விலை. இதை முதல் சமன்பாட்டில் வைப்போம்.

2ம + 3(380 − 4ம) = 340
2ம + 1140 − 12ம = 340
−10ம = −800; ம = 80

அடைப்புக்குள் உள்ள இரண்டையும் 3-ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் 1140 − 4ம என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு −2ம = −800, அதாவது ம = 400 கிடைக்கும்; ஏ = 380 − 1600 = −1220 என்றும் வரும். கடைக்காரர் பழத்தையும் கொடுத்துக் கையில் பணத்தையும் கொடுக்கிறார் என்று பொருளாகும் இந்த விடையைப் பார்த்த உடனேயே சந்தேகம் வர வேண்டும். ஆனால் எல்லாப் பிழையும் இப்படிக் கோமாளி வேடம் போட்டுக்கொண்டு வராது. அதனால் விடையை மூலச் சமன்பாடுகளில் வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்பதில் நான் மிகவும் வலியுறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இந்தத் தவறான விடையை இரண்டாம் சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள்: 4 × 400 − 1220 = 380. சரியாக வந்துவிடுகிறது! காரணம் எளிது. ஏ-யின் மதிப்பை அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் எடுத்தோம். ம எவ்வளவு தவறாக இருந்தாலும் அது பொருந்தியே தீரும். முதல் சமன்பாட்டில் வைத்தால் 800 − 3660 = −2860 என்று வந்து குட்டு வெளிப்படுகிறது. ஆகவே கடைசியாக எந்தச் சமன்பாட்டிலிருந்து மதிப்பைப் பெற்றோமோ, அதை விட்டு மற்றதில் சரிபார்க்க வேண்டும். இரண்டிலும் சரிபார்த்தால் இன்னும் நல்லது. தேர்வு அறையில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அந்த மற்ற ஒன்றே போதும்.

குறுக்குப் பெருக்கல் முறை என்று இன்னொன்றும் பாடத்தில் உண்டு. எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து நேரடியாக விடையைப் பெறலாம்; நம் கணக்கில் ம = (340 × 1 − 3 × 380) ÷ (2 × 1 − 3 × 4) = −800 ÷ −10 = 80. வேகமான முறைதான். ஆனால் இடையிலுள்ள எந்த வரியையும் வாக்கியமாகச் சொல்ல முடியாது என்பதால், நீக்கல் முறை கைக்குப் பழகும் வரை இதன் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அதிலுள்ள வகுக்கும் எண் மட்டும் கவனிக்கத்தக்கது: இங்கே அது −10. அது பூச்சியம் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

தீர்வு கிடைக்காத இடங்கள்

இரண்டாமவர் 4 கிலோ மட்டியும் 6 கிலோ ஏத்தனும் 680 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் சீட்டை இரட்டித்து இதிலிருந்து கழித்தால் 0 = 0 என்று வரும். தவறு செய்துவிட்டோமோ என்று பிள்ளைகள் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். தவறு ஏதும் இல்லை. இரண்டாம் சீட்டு புதிதாக எதையும் சொல்லவில்லை என்பதே அந்த வரியின் பொருள். 2ம + 3ஏ = 340 என்பதை நிறைவு செய்யும் எல்லா இணைகளும் தீர்வுகளே; மட்டி 50, ஏத்தன் 80 என்றாலும் பொருந்தும், மட்டி 110, ஏத்தன் 40 என்றாலும் பொருந்தும்.

அதே பழத்துக்கு இரண்டாமவர் 700 ரூபாய் கொடுத்திருந்தால், கழிக்கும்போது 0 = 20 என்று வரும். சுழியம் இருபதுக்குச் சமம் ஆகாது. எனவே இரண்டு சீட்டுகளுக்கும் பொருந்தும் விலை எதுவுமே இல்லை. கடைக்காரர் இருவருக்கும் வெவ்வேறு விலை போட்டிருக்கிறார், அல்லது கூட்டலில் பிழை செய்திருக்கிறார். இவ்விரண்டு நிலைகளிலும் மேலே சொன்ன வகுக்கும் எண் 2 × 6 − 3 × 4 = 0.

வரைபடத்தில் இது பளிச்சென்று தெரியும். மட்டியின் விலையைக் கிடை அச்சிலும் ஏத்தனின் விலையைக் குத்து அச்சிலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் மூன்று புள்ளிகளைக் குறிக்க வேண்டும். முதலாவதற்கு (50, 80), (80, 60), (110, 40). இரண்டாவதற்கு (70, 100), (80, 60), (90, 20). ஒரு நேர்க்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். மூன்றாவது புள்ளி காவலுக்கு. மூன்றும் ஒரே கோட்டில் அமையவில்லை என்றால் எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது. இரு கோடுகளும் (80, 60)-இல் வெட்டுகின்றன. ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் எண்ணற்ற தீர்வுகள், இணைகோடுகளாக ஓடினால் தீர்வு இல்லை. விடையில் பின்னம் வரும் கணக்குகளில் வரைபடத்தை நம்பி எண்ணைப் படிக்கக் கூடாது. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கே அது பயன்படும்.

மூன்று மாறிகள்

கூடையில் செந்துளுவன் பழமும் சேர்ந்துகொள்ளட்டும். அதன் கிலோ விலையைச் ‘செ’ என்று குறிப்போம். மூன்று பேர் வாங்கிய சீட்டுகள்:

ம + ஏ + செ = 230 … (1)
2ம + ஏ + 3செ = 490 … (2)
3ம + 2ஏ + செ = 450 … (3)

மூன்று சமன்பாடுகளை இரண்டாகக் குறைப்பதுதான் வழி. அதற்கு ஒரு மாறியைத் தேர்ந்து, அதே மாறியை இருமுறை நீக்க வேண்டும். ஏத்தனை நீக்குவோம். இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ம + 2செ = 260. மூன்றிலிருந்து ஒன்றின் இரு மடங்கைக் கழித்தால் ம − செ = −10. இந்த இரண்டாவது வரியைப் படித்துப் பாருங்கள்: செந்துளுவன், மட்டியை விடக் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல். எந்தச் சீட்டிலும் எழுதப்படாத ஒரு செய்தி, மூன்று மொத்தத் தொகைகளுக்குள் ஒளிந்திருந்து வெளியே வந்திருக்கிறது. இனி இரண்டையும் கழித்தால் 3செ = 270; செ = 90, ம = 80, முதல் சீட்டிலிருந்து ஏ = 60.

இங்கே வழி தவறுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். (1), (2) இரண்டிலிருந்து ஏத்தனை நீக்குவார்கள். பிறகு (2), (3) இரண்டிலிருந்து மட்டியை நீக்குவார்கள். கையில் இரண்டு சமன்பாடுகள் இருக்கும். ஆனால் ஒன்றில் மட்டியும் செந்துளுவனும், மற்றதில் ஏத்தனும் செந்துளுவனும் என மாறிகள் மூன்றும் அப்படியே நிற்கும். பிறகு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். எந்த மாறியை நீக்கப் போகிறோம் என்பதைக் கணக்கின் தலைப்பிலேயே எழுதிக்கொண்டால் இது நேராது.

பழகிப் பார்க்க, விடை ஊரறிந்த ஒரு கணக்கு: திருக்குறளின் மூன்று பால்களிலும் சேர்த்து 133 அதிகாரங்கள். பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து அறத்துப்பாலை விட 57 அதிகாரங்கள் கூடுதல். பொருட்பால் இன்பத்துப்பாலை விட 45 கூடுதல். முதல் இரண்டையும் கழித்தாலே அறம் 38 என்று வந்துவிடும். மற்றவை 70, 25. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடிச் சிலையில் பீடம் 38 அடி, அதன்மேல் நிற்கும் வள்ளுவர் 95 அடி என்று அமைத்ததும் இந்தக் கணக்கின்படிதான்.

அசமன்பாடுகள்

‘இவ்வளவு’ என்று சொல்லாமல் ‘இவ்வளவுக்கு மேல் ஆகாது’, ‘இவ்வளவுக்குக் குறையக் கூடாது’ என்று சொல்லும் தகவல்களே வாழ்க்கையில் அதிகம். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி என்றால், நீர்மட்டத்தை நீ என்று வைத்து 0 ≤ நீ ≤ 48 என்று எழுதுவோம். அது ஒரு புள்ளியைக் காட்டுவதில்லை. ஒரு நீளத்தைக் காட்டுகிறது. இரண்டு மாறிகள் வந்துவிட்டால் ஒரு பரப்பைக் காட்டும்.

சமன்பாட்டில் செய்யும் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றை இங்கும் இருபுறமும் செய்யலாம், ஒரு விலக்கோடு: எதிர்மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பிவிடும். 300 ரூபாய் கையிருப்பு உள்ளவரை விட 500 ரூபாய் உள்ளவர் வசதியானவர். அதுவே கடனாக இருந்தால் 500 கடன்பட்டவர்தான் கீழே இருக்கிறார். 300 < 500. ஆனால் −300 > −500. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனி ஒரு முழுக் கணக்கு. ஓணத்தை ஒட்டி, சில பெண்கள் சேர்ந்து ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் செய்து விற்கிறார்கள். ஒரு கிலோ சிப்ஸுக்கு 3 கிலோ காயும், சர்க்கரை சேர்வதால் ஒரு கிலோ வரட்டிக்கு 2 கிலோ காயும் போதும். கையில் 120 கிலோ காய் இருக்கிறது. ஒரு கிலோ சிப்ஸுக்கு அடுப்பில் 30 நிமிடம், வரட்டிக்குப் பாகு காய்ச்சிப் புரட்டும் வேலையும் சேர்ந்து 60 நிமிடம். இரண்டு அடுப்புகளுக்கும் சேர்த்து 30 மணி நேரம், அதாவது 1800 நிமிடம் கிடைக்கும். சிப்ஸ் சி கிலோ, வரட்டி வ கிலோ என்றால்:

3சி + 2வ ≤ 120 (காய்)
சி + 2வ ≤ 60 (அடுப்பு, 30சி + 60வ ≤ 1800 என்பதை 30-ஆல் வகுத்தது)
சி ≥ 0, வ ≥ 0

கடைசி வரியைப் பிள்ளைகள் எழுதுவதே இல்லை. எதிர்மறை எடையில் சிப்ஸ் செய்ய முடியாது என்பது நமக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது.

வரைவதற்கு, முதலில் ≤ குறியை = என்று வைத்துக்கொண்டு கோடு போட வேண்டும். காய்க் கோடு (40, 0), (0, 60) வழியாகவும், அடுப்புக் கோடு (60, 0), (0, 30) வழியாகவும் போகும். சமமாக இருப்பதையும் ஏற்கும் ≤, ≥ குறிகளுக்கு முழுக் கோடு; < அல்லது > மட்டும் இருந்தால் புள்ளிக் கோடு. கோட்டின் எந்தப் பக்கம் நமக்கு வேண்டியது என்பதை அறிய, கோட்டில் இல்லாத ஒரு புள்ளியை வைத்துப் பார்க்க வேண்டும். ஆதிப்புள்ளி எளிது: 0 + 0 ≤ 120 என்பது உண்மை, ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் ஏற்புடையது. கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் வேறு புள்ளி வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘சிப்ஸில் பாதியளவாவது வரட்டி வேண்டும்’ என்று ஒரு கடை கேட்டால் வ ≥ சி ÷ 2. இதற்கு (10, 0)-ஐ வைத்தால் 0 ≥ 5 என்று பொய்யாகிறது, ஆகவே மறுபக்கமே வேண்டியது.

நிழலிடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேண்டிய பக்கத்தை நிழலிட்டால், நான்கு அசமன்பாடுகளுக்குப் பிறகு தாள் முழுவதும் கறுத்து, எந்த இடத்தில் நான்கு நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன என்று தேட வேண்டியிருக்கும். வேண்டாத பக்கத்தை நிழலிட்டுத் தள்ளிவிட்டால், கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதே தீர்வுப் பகுதி. தேர்வில் அப்படிச் செய்தால், ‘நிழலிடாத பகுதியே தீர்வு’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

கழிக்கக் கூடாத இடம்

சமன்பாடுகளில் பழகிய கை இங்கே செய்யும் பெருந்தவறு ஒன்றைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். காய் அசமன்பாட்டிலிருந்து அடுப்பு அசமன்பாட்டைக் கழித்தால் 2சி ≤ 60, அதாவது சி ≤ 30 என்று வருவது போலத் தோன்றும். ஆனால் 40 கிலோ சிப்ஸ் மட்டும் செய்து பாருங்கள்: காய் 120 கிலோ சரியாகச் செலவாகும், அடுப்புக்கு 1200 நிமிடம்தான் ஆகும். இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன, எனவே 30-ஐத் தாண்டக் கூடாது என்ற முடிவு பொய். ஒரே திசையில் உள்ள அசமன்பாடுகளைக் கழிக்கவே கூடாது. கழிப்பது என்பது ஒன்றை −1-ஆல் பெருக்கிக் கூட்டுவது, பெருக்கிய கணமே அதன் குறி திரும்பிவிடுகிறது. கூட்டலாம்: 4சி + 4வ ≤ 180, அதாவது சி + வ ≤ 45. எப்படிச் செய்தாலும் மொத்தச் சரக்கு 45 கிலோவைத் தாண்டாது என்பது முற்றிலும் உண்மை.

மூலைகளும் லாபமும்

மிஞ்சிய வெள்ளைப் பகுதி ஒரு நாற்கரம். அதன் மூன்று மூலைகள் (0, 0), (40, 0), (0, 30). நான்காவது மூலையில் இரு கோடுகள் வெட்டுகின்றன; அங்கே மட்டும் = குறி என்பதால் நீக்கல் முறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2சி = 60; சி = 30, வ = 15.

சிப்ஸில் கிலோவுக்கு 40 ரூபாயும் வரட்டியில் 60 ரூபாயும் லாபம் என்றால், 40சி + 60வ எங்கே மிகப் பெரிதாகும்? ஒரே லாபம் தரும் புள்ளிகள் எல்லாம் ஒரு நேர்க்கோட்டில் அமையும். லாபம் ஏற ஏற அந்தக் கோடு தனக்கு இணையாக வெளியே நகரும். பகுதியை விட்டுப் போகும் கடைசிக் கணத்தில் அது ஒரு மூலையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும் (ஒரு பக்கம் முழுவதையும் தொட்டாலும் அதில் மூலை உண்டு). ஆகவே மூலைகளை மட்டும் பார்த்தால் போதும்: (40, 0)-இல் 1600, (0, 30)-இல் 1800, (30, 15)-இல் 2100 ரூபாய். 1947-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறையும், இரண்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கான மாறிகள் இருக்கும்போது, இப்படி மூலையிலிருந்து மூலைக்கு நடந்துதான் விடையைத் தேடுகிறது.

லாபம் மாறினால் மூலையும் மாறும். சிப்ஸுக்கு 50, வரட்டிக்கு 30 என்றால் (40, 0)-இல் 2000, (30, 15)-இல் 1950. அப்போது சிப்ஸ் மட்டும் போடுவதே நல்லது. சிப்ஸின் லாபம் வரட்டியின் லாபத்தில் பாதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையில் இருக்கும் வரை 30-ம் 15-ம் மாறாது என்பதை இரு கோடுகளின் சாய்விலிருந்தே படித்துக்கொள்ளலாம். ஒரு கடைக்காரர் 35 கிலோ வரட்டி கண்டிப்பாக வேண்டும் என்றால் வ ≥ 35 என்ற கோடு பகுதிக்கு மேலே போய்விடும்; வெள்ளை எதுவும் மிஞ்சாது. இருக்கிற அடுப்பில் அந்தச் சரக்கை ஒப்புக்கொள்ளவே முடியாது.

கடைசியாக, முழு எண் தேவைப்படும் கணக்குகள். இரண்டு பலகாரங்களையும் 4 கிலோ டின்களில் மட்டுமே அடைப்பது என்றால், 30-ம் 15-ம் டின் கணக்கில் 7½, 3¾ ஆகின்றன. இரண்டையும் கீழே இறக்கி 7, 3 என்று வைத்தால் 28 கிலோவும் 12 கிலோவும், லாபம் 1840. இரண்டையும் மேலே ஏற்றி 8, 4 என்றால் 32 கிலோவும் 16 கிலோவும். காய் 128 கிலோ வேண்டும், இல்லை. மூலையைச் சுற்றியுள்ள முழு எண் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 8, 3 என்றால் 2000. 5, 5 என்றாலும் 2000. 7, 4 என்றால் 28 கிலோ சிப்ஸும் 16 கிலோ வரட்டியும், லாபம் 2080. இதுவே மிகப் பெரியது. அடுப்பு நேரம் 28 + 32 = 60 என்று முழுவதும் தீர்ந்துவிடுகிறது; காய் 84 + 32 = 116 கிலோ. மிஞ்சிய நான்கு கிலோ காயை அவரவர் வீட்டு எரிசேரிக்குப் பங்கு வைத்துக்கொள்ளலாம்.